ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுப் பேசுங்கள்

பல்கலைக்கழகம் காசு கொடுத்து உரிமம் வாங்கிய மென்பொருள்களை வளாகத்துக்கு வெளியே இருக்கும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடக் கூடாது என்று சென்ற இதழில் பேராசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். லைசென்ஸ் இடம் கொடுக்காது, பாதுகாப்பு கெட்டுவிடும், ஆராய்ச்சி செய்ய வந்தவர் வளாகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று மூன்று காரணங்கள். முதலிரண்டும் மேல்பூச்சு. மூன்றாவதுதான் அவர் மனதில் இருப்பது.

எந்த மென்பொருள், எந்த வகை லைசென்ஸ் என்று கட்டுரை முழுக்கத் தேடினேன். ஒன்றின் பெயர்கூட இல்லை. மேட்லாபுக்கு வளாகம் முழுமைக்குமான உரிமம் வாங்கிய பல்கலைக்கழகங்களில், மாணவர் தம் பல்கலைக்கழக மின்னஞ்சலை வைத்துச் சொந்த மடிக்கணினியிலேயே அதை நிறுவிக்கொள்ளலாம். பிரவுசரில் ஓடும் வடிவமும் உண்டு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கென்றே செய்த ஏற்பாடு அது. வேறு சில நிறுவனங்கள் வளாக எல்லையைத் தாண்டக் கூடாது என்று எழுதி வாங்குவது உண்மைதான். அங்கேயும் மென்பொருள் லேப் கணினியிலேயே ஓட, திரையை மட்டும் தொலைவிலிருந்து இயக்கும் வழி இருக்கிறது. 2020 ஊரடங்கில் உலகெங்கும் பல பல்கலைக்கழகங்கள் பூட்டிக் கிடந்த லேப்களை இப்படித்தான் பயன்படுத்தின. ஒப்பந்தம் அதையும் தடுத்தால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்தப் பிரிவை மாற்றச் சொல்லிப் பேரம் பேசலாம். பணம் கட்டுவது நாம்தானே?

இருக்கிற லைசென்ஸே போதவில்லை, வெளியாட்களையும் விட்டால் வகுப்பு மாணவர் கதி என்ன என்று உருகுகிறார். நல்லது, கணக்குப் பார்த்துவிடுவோம். எத்தனை கணினியில் நிறுவினாலும் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் திறக்கலாம் என்ற கன்கரன்ட் லைசென்ஸுக்குக் காவல் இருப்பது ஒரு லைசென்ஸ் சர்வர். பொறியியல் துறைகளில் பெரும்பாலும் ஃப்ளெக்ஸ்எல்எம் வகை. யார், எந்தக் கணினியிலிருந்து, எத்தனை மணிக்கு எடுத்தார் என்று அது வரி வரியாக எழுதிவைக்கும். எடுத்தால் ‘அவுட்’, திருப்பினால் ‘இன்’, இடமில்லை என்றால் ‘டினைட்’. காலை 11 மணி பிராக்டிகல் நேரத்தில் டினைட் வரிசையாக விழுந்திருக்கும், மறுக்கவில்லை. இரவு 9 மணிக்கு என்ன விழுகிறது? வாரத்தில் 5 நாள், காலை 9 முதல் மாலை 5 வரை லேப் திறந்திருந்தால் 40 மணி நேரம். வாரத்துக்கோ 168 மணி நேரம். மீதி 128 மணி நேரமும், பணம் கட்டிய லைசென்ஸ் பூட்டிய அறைக்குள் யாருக்கும் உதவாமல் கிடக்கிறது. பகலில் நெருக்கடி என்றால், லேப் கணினிகளுக்கு இத்தனை இடம் என்று அதே சர்வரின் ஆப்ஷன்ஸ் கோப்பில் ஒதுக்கிவைக்கலாம். இதெல்லாம் கணினி மையத்துக்குத் தெரியாத சங்கதி அல்ல. கட்டுரையாளர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பாதுகாப்புக்கு வருவோம். சர்வரை வெட்டவெளியாக இணையத்தில் வைத்தால் ஆபத்து என்கிறார். வைக்கச் சொன்னது யார்? விபிஎன், அதற்குமேல் கைப்பேசிக்கு வரும் இரண்டாவது சரிபார்ப்பு என்பதெல்லாம் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கே பழகிப்போன காலம் இது. மின்னிதழ்களை வெளியூரிலிருந்து படிக்க, காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையத்தின் இன்ஃபெட் என்ற நுழைவு ஏற்பாட்டின் வழியாகப் பல பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தம் கணக்கில் உள்ளே நுழைகிறார்கள். கட்டுரை படிக்க நுழையும்போது நல்லவராக இருப்பவர், எஸ்பிஎஸ்எஸ் திறக்க நுழைந்தால் மட்டும் திருடராகிவிடுவாரா?

உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. அதிகாரபூர்வ வழி இல்லாத துறைகளில் என்ன நடக்கிறது என்று லேபுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். மூலையில் ஒரு கணினி, மானிட்டர் அணைந்திருக்கும், சிபியு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மேலே ‘ஆஃப் செய்யாதீர்கள்’ என்று ஒட்டிய காகிதம். உள்ளே யாரோ ஏற்றிய ரிமோட் செயலி. அதன் பாஸ்வேர்டு நான்கைந்து பேரின் வாட்ஸப்பில். இதற்கும் வழியில்லாதவர் கிராக் தேடுகிறார். ஸ்டாப் என்ற ரான்சம்வேர் பெரும்பாலும் பரவியது கிராக் மென்பொருள்களின் முதுகில் ஏறித்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர், பாதுகாப்பைப் பற்றி நமக்கு வகுப்பெடுக்கிறார்.

வெளியில் இருப்பவர்கள் ஆர், ஆக்டேவ் என்று இலவச மென்பொருள்களை வைத்துச் சமாளிக்கட்டும் என்று போகிறபோக்கில் ஒரு வரி வேறு. அருமையான மென்பொருள்கள்தாம். அப்படியானால் வளாகத்துக்குள்ளும் அவற்றையே போட்டு, லைசென்ஸ் பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டியதுதானே?

கடைசியாக, வளாகத்துக்கு வரத்தான் வேண்டும் என்ற பிடிவாதம். பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு யுஜிசியின் 2022 விதிமுறைகள் இடம் தருகின்றன. வேலை பார்க்கும் இடத்திலிருந்து தடையின்மைச் சான்றிதழ் வாங்கிவரச் சொல்வதும் அதே விதிமுறைகள்தாம். அந்தச் சான்றிதழைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகம் பகுதிநேர ஆய்வாளர்களைச் சேர்க்கிறது, பருவந்தோறும் கட்டணமும் வாங்குகிறது. தனியார் கல்லூரியில் நாளெல்லாம் வகுப்பெடுத்துவிட்டு, பிள்ளையைத் தூங்கவைத்த பிறகு தரவை எடுத்து உட்காரும் ஒரு பெண்ணிடம், காலை 10 மணிக்கு லேபுக்கு வா என்று சொல்வதில் என்ன கல்வி ஒழுக்கம் இருக்கிறது? அவர் சனிக்கிழமை பஸ் பிடித்து வந்தாலும் லேப் உதவியாளர் விடுப்பு, சாவி யாரிடம் என்று தெரியாது. கட்டணம் வாங்கும்போது வேலையில் இருப்பவர் என்று தெரிந்தது, மென்பொருள் கேட்கும்போது மட்டும் மறந்துபோகிறது.

பேராசிரியரிடம் கேட்பது இரண்டே. வெளிப்பயன்பாட்டைத் தடுக்கும் பிரிவு எந்த ஒப்பந்தத்தில், எந்த எண்ணில் இருக்கிறது என்று எழுதுங்கள். கடந்த ஓராண்டு லைசென்ஸ் லாகை, பெயர்களை நீக்கிவிட்டு வெளியிடச் சொல்லுங்கள். மனமில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிக்க 10 ரூபாய்தான் கட்டணம். நாங்களே கட்டிக் கேட்டுக்கொள்கிறோம்.