ஃபார்மட் அடிப்பதற்கு முன்

அக்கா மகள் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்கப் போயிருந்தேன். அச்சகத்தில் அண்ணாச்சி கணினி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லி அடுத்த வரி.

“காலையிலருந்து இருபது தடவை அமுக்கிட்டேன் தம்பி. திரும்பத் திரும்ப இதே வந்து நிக்கி. பையன் ஃபார்மட் அடிச்சிரலாம்ங்கான்.”

அண்ணாச்சியிடம் இருப்பது இன்னமும் விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே கைகழுவிவிட்டது. அவர் விடவில்லை. பேஜ்மேக்கரும், பதினைந்து வருஷத்துப் பத்திரிகைகளும், அவற்றின் பழைய தமிழ் எழுத்துருக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. ஃபார்மட் அடித்தால் எல்லாம் போச்சு.

பொத்தானை அழுத்தியதும் முதலில் கண்விழிப்பது விண்டோஸ் இல்லை, போர்டில் இருக்கும் பயாஸ். தன்னிடமுள்ள வரிசைப்படி டிஸ்க்குகளைப் பார்த்து, முதலில் அகப்பட்டதிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். அந்த டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள பூட் செக்டர், என்டிஎல்டிஆர் என்ற கோப்பைத் தேடும். கால் எம்பிகூடத் தேறாத கோப்பு. அது வந்துதான் விண்டோஸைக் கூட்டிவர வேண்டும். வராவிட்டால் இந்தக் கறுப்புத் திரைதான். கோப்பைக் காணோம் என்பது பொய்யில்லை. ஆனால் எந்த டிஸ்க்கில் காணோம் என்று திரை சொல்லாது.

குனிந்து மேசைக்கடியில் பார்த்தேன். சிபியூவின் பின்னாலிருந்து ஒரு யூஎஸ்பி வயர். அதன் முனையில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கேயோ பார்த்த பெட்டி. என்னுடையதேதான்! முந்தின நாள் சாயங்காலம் மணமக்கள் படங்களைக் காப்பி செய்யக் கொடுத்துவிட்டு மறந்துபோயிருந்தேன்.

அது என் பழைய கணினியிலிருந்து கழற்றி, பெட்டிக்குள் போட்ட டிஸ்க். உள்ளே இருந்த விண்டோஸை நான் எப்போதோ அழித்துவிட்டேன். பூட் செக்டர் மட்டும் அப்படியே இருக்கிறது. காலி செய்த வீட்டில் பெயர்ப்பலகை தொங்குகிற மாதிரி. அண்ணாச்சியின் பயாஸில் யூஎஸ்பிக்கு முதலிடம். தினமும் காலையில் நேராகத் தன் வீட்டுக்குப் போகிற கணினி, அன்றைக்கு என் காலி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

வயரை உருவிவிட்டுக் கணினியை மறுபடி போட்டோம். பச்சை மேடும் நீல வானமும் வந்தன.

கோப்பு நிஜமாகவே தொலைந்திருந்தாலும் ஃபார்மட் தேவைப்பட்டிருக்காது. எக்ஸ்பி சிடியைப் போட்டு, ‘ஆர்’ விசையைத் தட்டி, ரெக்கவரி கன்சோலுக்குள் போய், சிடியின் ஐ386 ஃபோல்டரிலிருந்து என்டிஎல்டிஆரையும் அதன் கூட்டாளியான என்டிடிடெக்டையும் சி டிரைவுக்குக் காப்பி செய்தால் பெரும்பாலும் போதும். ஹார்ட் டிஸ்க் கேபிள் லேசாகக் கழன்றிருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

இதையெல்லாம் கெத்தாக விளக்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி டிஸ்க்கை என் கையில் திணித்து, புரூஃபை நீட்டினார். சம்பந்தி பெயரில் ஒரு துணைக்காலைக் காணோம்.

“அண்ணாச்சி, இங்க ஒரு கால் விட்டுப்போச்சே!”

அவர் ஒன்றும் பேசவில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து முன்னால் வைத்தார். அதிலேயே இல்லை.