எண்ணிக்கை குறைந்த துறைகளைக் காக்கக் கோரி மனு

அனுப்புநர்: ஆய்வு மாணவர் சங்கத்தினர், சேப்பாக்கம், சென்னை.

பெறுநர்: உயர்திரு செயலாளர் அவர்கள், உயர்கல்வித் துறை, தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: சென்னைப் பல்கலைக்கழகம் – மாணவர் எண்ணிக்கை குறைந்த துறைகள், நீண்டகால ஆய்வுகள் – தொடர்ந்து நடத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

1857-இல் தொடங்கிய இப்பல்கலைக்கழகத்தில் தமிழுக்கே இலக்கியம், மொழி என இரு துறைகள் உள்ளன. தெலுங்கு, கன்னடம், மலையாளம், சமஸ்கிருதம், அரபு–பாரசீகம்–உருது, சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்துவவியல் என்று பட்டியல் நீளும். கிண்டியில் தாவரவியலும் உயிர் இயற்பியலும், தரமணியில் மருத்துவ அடிப்படை அறிவியலும் நடக்கின்றன. வணிகவியலுக்கு வருவதுபோல் இவற்றில் பலவற்றுக்கு விண்ணப்பங்கள் குவிவதில்லை. சேர்க்கை எண்ணிக்கையை வைத்து ஒரு துறையை மற்றொன்றோடு இணைக்கவோ மூடவோ கூடாது என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை.

1913-இல் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜனுக்கு இப்பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. அவரிடம் பட்டம் இல்லை, எஃப்.ஏ. தேர்விலேயே தோற்றவர். பதிலுக்குக் கேட்டது மூன்று மாதத்துக்கொரு ஆய்வறிக்கை மட்டுமே. இன்றைய சேர்க்கை விதிகளின்படி அவருக்கு விண்ணப்பப் படிவம்கூடக் கிடைத்திராது!

அதே 1913-இல் தொடங்கிய தமிழ் லெக்சிகன் பணி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு ஆறு தொகுதிகளாக 1936-இல்தான் முடிந்தது. நிதியாண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்று கேட்டிருந்தால் முதல் தொகுதியே வந்திருக்காது. ஜி. என். ராமச்சந்திரன் 1952-இல் இங்கே இயற்பியல் பேராசிரியராகி, கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜனின் மும்முறுக்கு அமைப்பைக் கண்டார். 1963-இல் வெளியான அவரது வரைபடத்தைக் கொண்டே இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். ஆகவே, அகராதி, சுவடிப் பதிப்பு, உயிரின வகைப்பாடு போன்ற பணிகளுக்கு ஆண்டு ஒதுக்கீட்டுக்குப் பதில் பத்தாண்டு நிதி வழங்க வேண்டுகிறோம்.

பணியிடங்கள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சில அறிவு கைமாறித்தான் வரும். பாசியியலில் எம். ஓ. பார்த்தசாரதி அய்யங்காரிடம் பயின்ற டி. வி. தேசிகாச்சாரி, 1959-இல் நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய நூலை இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் படிக்கிறார்கள். ஆற்காட்டு நவாபுகளின் காலத்தை மூல ஆவணங்களிலிருந்து எழுதப் பாரசீகம் தெரிந்தாக வேண்டும். இத்தகைய துறைகளில் பேராசிரியர் ஓய்வு பெற்றபின் விளம்பரம் கொடுத்தால், இடையில் அறுந்ததை எந்த அரசாணையும் ஒட்டவைக்காது. ஓய்வுக்கு ஓராண்டு முன்பே அடுத்தவரை நிரந்தரப் பணியில் நியமித்து இருவரும் சேர்ந்து பணிபுரிய ஆணையிடக் கோருகிறோம். கௌரவ விரிவுரையாளரை வைத்துச் சமாளிப்பது இதற்கு ஈடாகாது.

மேலும், வரலாற்று மாணவர் பாரசீகமும் தமிழ் மாணவர் தெலுங்கும் விருப்பப் பாடமாகப் படிக்க, எல்லா வளாகங்களுக்கும் பொதுவாக வாரத்தில் ஓர் அரைநாளை ஒதுக்கலாம். இதற்குச் செலவே இல்லை. வெளி உதவித்தொகை பெறாத முழுநேர ஆய்வாளர்களுக்கு அரசு உதவித்தொகை வழங்கி, அது மாதந்தோறும் குறித்த தேதியில் வங்கிக் கணக்கில் சேரவும் வழிசெய்ய வேண்டும்.

துறை இணைப்பு குறித்து எந்த முடிவெடுக்கும் முன்பும், அத்துறையின் பத்தாண்டு முனைவர் பட்டங்கள், வெளியீடுகள், பதிப்புப் பணிகளின் விவரத்தை வெளியிட்டு ஆசிரியர், மாணவர் கருத்தைக் கேட்குமாறு வேண்டுகிறோம். இவை பற்றி நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர்

நகல்: துணைவேந்தர், சென்னைப் பல்கலைக்கழகம்