கூட்டம் வேண்டுமா, வாடிக்கையாளர் வேண்டுமா?

இரவு பதினொரு மணிக்கு உங்கள் வீட்டு ஏர்கோனிலிருந்து தண்ணீர் சொட்டினால் என்ன செய்வீர்கள்? டிக்டாக்கைத் திறந்து, விரலால் தள்ளிக்கொண்டே போய், ஏர்கோன் பழுது பார்ப்பவர் யாராவது கண்ணில் படுவாரா என்று காத்திருக்க மாட்டீர்கள். கைப்பேசியை எடுத்து ‘ஏர்கோன் போச்சோர் பாயான் லெப்பாஸ்’ என்று கூகுளில் தட்டுவீர்கள். முதலில் வரும் மூன்று நான்கு பெயர்களில் ஒன்றை அழைப்பீர்கள். அந்தப் பெயர்களில் என் அப்பாவின் பெயர் சென்ற ஆண்டு வரை இல்லை.

அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். இப்போது ஒரு வேனில் ஏணியையும் தண்ணீர்ப் பம்பையும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாக ஏர்கோன் பராமரிப்பு செய்கிறார். அவருக்கு வேலைகள் எல்லாம் ஒரே ஒரு சமூக ஊடகப் பக்கத்தின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அந்தப் பக்கம் முடக்கப்பட்டது. காரணம் சொல்லப்படவில்லை. முறையீடு செய்தோம், தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. பதினொரு நாள் கழித்துப் பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறவர்கள் ஏர்கோனையும் கழுவச் சொல்லும் நாட்கள் அவைதான். அப்பாவின் கைப்பேசி அந்த நாட்களில் ஏறக்குறைய அமைதியாகவே இருந்தது.

வாடிக்கையாளர்களைச் சமூக ஊடகம் இல்லாமல் சேர்க்க முடியுமா என்று நான் தேட ஆரம்பித்தது அப்போதுதான். சிறுதொழில் செய்யும் குடும்பங்களிலிருந்து வரும் மாணவர்களுக்கு அது பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சாவி யாரிடம் இருக்கிறது?

இது ஒரு குடும்பத்தின் சிக்கல் மட்டுமன்று. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக்கைத் தடை செய்ய உத்தரவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் தடை விலகியது. ஆனால் 2020 ஜூன் 29ஆம் நாள் இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தபோது டிக்டாக் ஒரேயடியாகப் போய்விட்டது. அங்கே பின்தொடர்வோரைச் சேர்த்து, அதையே பிழைப்பாக நம்பியிருந்தவர்கள் மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இலங்கையில் 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு முகநூல், வாட்ஸ்அப் முதலியவை சில நாட்கள் முடக்கப்பட்டன. 2021 அக்டோபர் 4ஆம் நாள் முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் செயலிழந்தன. நமக்கு அது நள்ளிரவு நேரம் என்பதால் பலர் உணரவில்லை. பகலாக இருந்த நாடுகளில் ஒரு பெரும்பகுதி வணிகமே நின்றது.

நம் நாட்டிலும் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. 80 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களும் செய்தி அனுப்பும் செயலிகளும் உரிமம் பெற வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளது. இணைய மோசடியையும் பகடிவதையையும் பார்க்கும்போது இத்தகைய கட்டுப்பாடுகள் தேவைதான். நான் சொல்வது வேறு. அரசும் நிறுவனமும் எந்த முடிவையும் எடுக்கலாம். அந்த முடிவில் அப்பாவைப் போன்றவருக்குப் பேச்சே இல்லை. கடைக்கு ஒரே கதவுதான், அதன் சாவியும் இன்னொருவரிடம் என்றால், அது நமக்குத் தெரிந்தாவது இருக்க வேண்டும்.

தேடுபொறி எப்படி வரிசைப்படுத்துகிறது?

தேடுபொறியின் வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். முதலில் அதன் நிரல்கள் இணையப் பக்கங்களைச் சுற்றி வந்து படிக்கின்றன. அடுத்து, நூலகத்தில் அட்டவணை போடுவதுபோல அவற்றைப் பதிவு செய்கின்றன. மூன்றாவதாக, யாராவது ஒன்றைத் தேடும்போது பொருத்தமான பக்கங்களை வரிசைப்படுத்தித் தருகின்றன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்துக்கு மற்ற பக்கங்கள் தரும் இணைப்பை ஒரு வகைப் பரிந்துரையாகக் கணக்கிட்டதுதான் அவர்களின் புதுமை. இன்று கணக்கு எவ்வளவோ சிக்கலாகிவிட்டது. ஆனாலும் உள்ளூர்த் தேடலுக்குத் தான் பார்ப்பவை மூன்று என்று கூகுளே சொல்கிறது: தேடலுக்கும் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தேடுபவருக்கும் தொழில் நடக்கும் இடத்துக்கும் உள்ள தூரம், அந்தத் தொழில் எந்த அளவு அறியப்பட்டது என்பது.

இரண்டாவதைக் கவனியுங்கள். சுங்கை ஆராவிலிருந்து தேடுபவருக்குக் கோலாலம்பூரின் பெரிய நிறுவனத்தைவிட அருகில் இருக்கும் சிறிய தொழிலாளி முன்னால் வர வாய்ப்பு உண்டு. சிறியவருக்குச் சாதகமான விதி இது. இதைப் பயன்படுத்தும் வகையில் நம் பக்கத்தைச் சீராக்குவதைத்தான் தேடுபொறி உகப்பாக்கம் என்கிறார்கள், சுருக்கமாக எஸ்.இ.ஓ.

நான் செய்தவை

முதலில் சொற்களைச் சேகரித்தேன். அப்பாவின் பெயரட்டையில் ‘குளிர்சாதனப் பராமரிப்புச் சேவை’ என்று இருந்தது. அப்படி யாரும் தேடுவதில்லை. ‘சர்விஸ் ஏர்கோன்’ என்று தேடுகிறார்கள்; ‘ஏர்கோன் குளிரவில்லை’ என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் தேடுகிறார்கள். தேடல் பெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டினாலே மீதியைக் கூகுள் எடுத்துக் கொடுக்கும். அது மற்றவர்கள் தேடியவற்றிலிருந்து வருவது. காசில்லாத சந்தை ஆய்வு என்றே அதைச் சொல்லலாம்.

இரண்டாவது, கூகுளின் இலவச வணிகப் பதிவு. கடை இல்லாமல் வீடு தேடிச் சென்று வேலை செய்பவர் தம் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் வட்டாரங்களை மட்டும் குறிப்பிடலாம். பாயான் பாரு, ரெலாவ், பத்து மவுங், தெலுக் கும்பார் என்று பதிந்தோம். பெயரும் தொலைபேசி எண்ணும் வேலை நேரமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மூன்றாவது, சொந்தப் பெயரில் ஒரு சிறிய இணையத்தளம். அதில் விளம்பர வாசகம் எழுதவில்லை. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒவ்வொரு பக்கமாக எழுதினேன். ஏர்கோனிலிருந்து ஏன் தண்ணீர் சொட்டுகிறது? வடிகுழாயில் தூசியும் பாசியும் அடைத்திருக்கலாம். வடிகட்டி அழுக்கேறி, உள்ளே பனிக்கட்டி படிந்து உருகியிருக்கலாம். முதலில் வடிகட்டியைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள், அதற்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை என்றும் எழுதினோம். “அதையும் சொல்லிவிட்டால் யார் கூப்பிடுவார்கள்?” என்று அம்மா கேட்டார். அப்பா, “பொய் சொல்லாதவன் என்று நினைத்துக் கூப்பிடுவார்கள்” என்றார்.

நான்காவது, வாடிக்கையாளரின் கருத்துரை. வேலை முடிந்ததும் கேட்டு வாங்கலாம். காசோ தள்ளுபடியோ கொடுத்து வாங்கக்கூடாது. அது கூகுளின் விதிக்கும் எதிரானது.

முதல் இரண்டு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. மூன்றாவது மாதம் பத்து மவுங்கிலிருந்து ஒருவர் அழைத்து, “தண்ணீர் சொட்டுவதைப் பற்றி எழுதியிருந்தது நீங்கள்தானே?” என்று கேட்டார். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று அழைப்புகள் வருகின்றன. பெரிய வெற்றி இல்லை. ஆனால் அழைப்பவர்கள் பெரும்பாலும் உண்மையிலேயே வேலை கொடுப்பவர்கள். முன்பு ஒரு காணொலிக்கு நூற்றுக்கணக்கான விருப்பக்குறி வரும். அந்த வாரம் அழைப்பு ஒன்றுகூட வராது. காணொலியைப் பார்த்தவர்கள் பொழுதுபோக்க வந்தவர்கள். தேடி வந்தவர்களுக்கு வீட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

தேவையா, ஆசையா?

இதனால் சமூக ஊடகமே வீண் என்று சொல்லிவிட முடியாது. புது வடிவமைப்பில் ஒரு சேலை ரவிக்கையையோ, தீபாவளிப் பலகாரப் பெட்டியையோ யாரும் பெயர் சொல்லித் தேட மாட்டார்கள். பார்த்த பிறகுதான் ஆசை வரும். அதற்குக் காணொலிதான் பொருத்தம். குழாய் அடைப்பு, டியூஷன், மொழிபெயர்ப்பு, கணக்கு எழுதுவது, விமான நிலையத்துக்கு வேன் போன்றவற்றில் தேவைதான் முதலில் வருகிறது. அங்கே தேடுபொறிதான் வாசல். தொழில் தொடங்குபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

சமூக ஊடகங்கள் வருவதற்கு முன்பே இதைக் காட்டியவர் ஒரு தமிழர். 1990களின் இறுதியில் அமெரிக்காவில் மென்பொருள் துறையில் இருந்த முருகவேல் ஜானகிராமன், தமிழர்களுக்கென ஓர் இணையத்தளம் நடத்தினார். அதில் பல பகுதிகள் இருந்தன. ஆனால் அதிகம் பேர் வந்தது திருமண வரன் பகுதிக்கு. வருபவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பதைக் கவனித்து அவர் வளர்த்ததுதான் பாரத் மேட்ரிமோனி.

கூகுளும் வாடகை வீடுதான்

அதே நிறுவனத்தின் பிற்காலக் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தன் வணிகப் பெயர்களை யாராவது தேடும்போது போட்டியாளர்களின் விளம்பரங்களைக் கூகுள் காட்டுகிறது என்று அது சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2010-இல் நீதிமன்றம் இடைக்காலத் தடை வழங்க மறுத்தது. 2024 மார்ச் 1ஆம் நாள், கட்டணத் தகராறில், அதன் செயலிகளைக் கூகுள் தன் செயலிக் கடையிலிருந்து நீக்கியது. சில நாட்களில் அவை திரும்பின. அதே மாதம்தான், சிறு வணிகர்களுக்கு இலவசமாக அமைத்துக் கொடுத்திருந்த இணையத்தளங்களையும் கூகுள் மூடியது. சொந்தப் பெயரில் தளம் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அதனால் பாதிப்பு இல்லை.

2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, தேடல் துறையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்து வந்தது என்று தீர்ப்பளித்தது. இன்னொரு மாற்றமும் நடக்கிறது. தேடினால் பக்கங்களுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் வருகிறது. 2025 மே மாதம் முதல் மலாய் மொழியிலும் அது உண்டு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2025-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுருக்கம் இல்லாதபோது 15 விழுக்காட்டுத் தேடல்களில் மக்கள் ஏதாவதொரு இணைப்பைச் சொடுக்கினர். சுருக்கம் இருந்தபோது அது 8 விழுக்காடாகக் குறைந்தது. தகவலை மட்டும் தரும் தளங்களுக்கு இது பேரிடி. அப்பாவுக்கு அவ்வளவு இல்லை, ஏனென்றால் சுருக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏணியில் ஏறி வடிகுழாயைக் கழுவ ஓர் ஆள் வேண்டும். ஆனாலும் தேடுபொறி என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று நம்பி எல்லாவற்றையும் அங்கேயே வைப்பது பழைய தவறையே மறுபடி செய்வதாகும்.

மாணவர்கள் செய்யக்கூடியது

நம்மில் பெரும்பாலோர் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதத் தெரிந்தவர்கள். நம் சிறு வணிகர்கள் பலருக்கு அந்த வசதி இல்லை. பினாங்கில் ஒரு சேவையைத் தமிழில் தேடிப் பாருங்கள். கிடைப்பது மிகக் குறைவு. எழுதுவார் இல்லாததால் வந்த குறை அது. வார இறுதியில் ஒரு நாள் ஒதுக்கினால் தெரிந்த ஒரு கடைக்கு வணிகப் பதிவு செய்து, அவர்கள் அன்றாடம் கேட்கும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதிக் கொடுக்கலாம். எந்தச் சொல்லைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோல் கருவி இலவசம். அதைப் படிக்கவும் சொல்லிக் கொடுக்கலாம். “முதல் இடத்துக்குக் கொண்டு வருகிறேன்” என்று உறுதி சொல்லிப் பணம் கேட்பவர்களிடம் மட்டும் கவனமாக இருங்கள். அப்படி யாரும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

அப்பா இன்னும் பழைய சமூக ஊடகப் பக்கத்தில் படம் போடுகிறார். அதோடு, வேனில் ஒரு 555 புத்தகம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் வாடிக்கையாளரின் சம்மதத்துடன் பெயர், எண், அடுத்துக் கழுவ வேண்டிய மாதம் ஆகியவற்றை அதில் எழுதிக்கொள்கிறார். முதல் அழைப்பு தேடுபொறியிலிருந்து வந்தாலும், இரண்டாவது வேலை அந்தப் புத்தகத்திலிருந்துதான் வருகிறது. இந்தத் தீபாவளிக்கு யாரை அழைக்க வேண்டும் என்ற பட்டியல் இப்போதே அதில் தயாராக இருக்கிறது.