அலியா டைசனா? முதல்ல தேதியைச் சொல்லுங்க!

சினிமா பேசற நாலு பேர் சேர்ந்தா சிவாஜியா எம்ஜிஆரான்னு ஆரம்பிக்கிற மாதிரி, குத்துச்சண்டை பார்க்கிற நாலு பேர் சேர்ந்தா 'அலியும் டைசனும் மோதினா யார் ஜெயிப்பா'ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. நானும் இந்த வியாதிக்காரன்தான், மறைக்கலை. ஆனா போன வாரம் நண்பர் ஒருத்தர், "டைசன் ரெண்டே ரவுண்டுல முடிச்சிருப்பான், பேச்சே கிடையாது"ன்னு சொல்லிட்டு நிம்மதியா டீயை உறிஞ்ச ஆரம்பிச்சார் பாருங்க... எனக்கு வந்ததே கோபம். அது ஆறுறதுக்குள்ள எழுதிடறேன்.

என் கேள்வி ரொம்ப எளிமையானது. எந்த அலி? எந்த டைசன்?

1966 நவம்பர்ல ஹூஸ்டன்ல கிளீவ்லாண்ட் வில்லியம்சை மூணே ரவுண்டுல முடிச்ச அலிக்கு வயசு 24. கால் தரையில பட்டுச்சான்னே சந்தேகமா இருக்கும். அடுத்த வருஷம், வியட்நாம் போருக்காகப் பட்டாளத்துல சேர மாட்டேன்னு சொன்னதுக்குப் பட்டத்தைப் பிடுங்கினாங்க. மூன்றரை வருஷம் களத்துல ஏறவே விடலை. 1970-ல் திரும்பி வந்தவர் வேற ஆள். கால் பழைய மாதிரி ஓடலை, அதனால அடி வாங்கப் பழகிட்டார். 1974-ல் கின்ஷாசாவில் கயித்துல சாய்ஞ்சு, ஜார்ஜ் ஃபோர்மன் அடியை எல்லாம் வாங்கி, அவரைக் களைக்க வச்சு எட்டாவது ரவுண்டுல சாய்ச்சது இந்த ரெண்டாவது அலிதான். முதல் அலி எவ்வளவு உயரம் போயிருப்பார்னு அவருக்கே தெரியாது.

டைசனுக்கு வருவோம். 1988 ஜூன்ல மைக்கேல் ஸ்பிங்ஸை 91 நொடியில காலி பண்ணினார். 1990 பிப்ரவரியில டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அடிச்ச அடியில, பத்தாவது ரவுண்டுல தரையில கிடந்து வாய்க்காப்பைத் தேடிக்கிட்டிருந்தார். ரெண்டுக்கும் நடுவுல முழுசா 20 மாசம்கூட இல்லை. ரெண்டு பேருக்கும் பேர் டைசன்தான்!

பேரும் பேரும் மோதாது சாமிகளா. தேதியும் தேதியும்தான் மோதும்.

இதை ஒத்துக்காத கோஷ்டிகள் உண்டு. முதல்ல கணக்கு வாத்தியார் கோஷ்டி. 'அவன் இவனை அடிச்சான், இவன் அவரை அடிச்சான், ஆகவே...'ன்னு சூத்திரம் போடுவாங்க. சரி, போட்டுப் பார்ப்போம். 1981 டிசம்பர்ல அலி ஆடின கடைசிச் சண்டையில அவரைத் தோற்கடிச்சவர் டிரெவர் பெர்பிக். அதே பெர்பிக்கை 1986-ல் ரெண்டாவது ரவுண்டுல உருட்டிவிட்டுத்தான் 20 வயசு டைசன் பட்டத்தை வாங்கினார். ஆகவே டைசன் பெரியவரா? பெர்பிக்கிட்ட தோத்த அன்னிக்கு அலிக்கு 40 வயசு ஆக ஒரு மாசம்தான் பாக்கி! இதே சூத்திரப்படி பார்த்தா, 1971-ல் அலியை ஜெயிச்சவர் ஃப்ரேசியர். 1973-ல் ஃப்ரேசியரை ரெண்டே ரவுண்டுக்குள்ள ஆறு தடவை விழ வச்சவர் ஃபோர்மன். அப்ப ஃபோர்மன் அலியைச் சப்பளிச்சிருக்கணுமே? கின்ஷாசாவில் என்ன நடந்துச்சு?

அடுத்தது தராசு கோஷ்டி. 'இப்ப இருக்கிறவங்க ஆறே முக்கால் அடி, 250 பவுண்டு. பழைய ஆளுங்க எல்லாம் பொடிசு'ம்பாங்க. இதுல பாதி நியாயம் இருக்கு. 185 பவுண்டு மார்சியானோ 240 பவுண்டுக்கு மேல இருந்த விளாடிமிர் கிளிட்ச்கோவோட இடது கையைத் தாண்டி உள்ள போறது பெரும்பாடுதான். ஆனா எடையே தீர்ப்பு இல்லை. 1919-ல் 187 பவுண்டு டெம்ப்சி, 245 பவுண்டு வில்லர்டை முதல் ரவுண்டுலயே ஏழு தடவை கீழே தள்ளினார். பழங்கதைங்கறீங்களா? 2024 டிசம்பர்ல 226 பவுண்டு உசிக், 281 பவுண்டு ஃப்யூரியை ஜெயிச்சார். அதே வருஷத்துல அது ரெண்டாவது தடவை!

இன்னொண்ணு, விதிமுறை. இதை யாருமே கேக்கறதில்லை. 1952-ல் மார்சியானோ பட்டம் வாங்கின சண்டையில, மூணு நடுவர் கணக்குலயும் வால்காட்டுக்குப் பின்னாலதான் இருந்தார். 13-வது ரவுண்டுல ஒரே ஒரு வலது கை, வால்காட் அவுட். அன்னிக்கு 15 ரவுண்டு. இன்னிக்கு மாதிரி 12 ரவுண்டுன்னா மார்சியானோ தோத்துப்போய் வீட்டுக்குப் போயிருப்பார்! டெம்ப்சியும் அப்படித்தான். விழுந்த வில்லர்டு எழுந்திருக்கிற வரைக்கும் தலைமாட்டுலயே நின்னு அடிச்சார். 'தள்ளி மூலைக்குப் போய் நில்லு'ங்கற விதி வந்த பிறகு, 1927-ல் டன்னியை விழ வச்சுட்டு மூலைக்குப் போகாம நின்னதால எண்ணிக்கை தாமதமாச்சு. டன்னி எழுந்தார், ஜெயிச்சார். ஆள் அதேதான், விதிதான் வேற.

இதை எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டா விடை வந்துடுமேங்கறவங்களுக்கு: அதையும் பண்ணியாச்சு. 1967-ல் முர்ரே வொரோனர்னு ஒருத்தர் ரேடியோவில் கம்ப்யூட்டர் போட்டி நடத்தினார். அதுல அலி, 1905-லயே ஓய்வு பெற்ற ஜெஃப்ரிஸ்கிட்ட தோத்துட்டாராம்! அலி கடுப்பாகி கேஸ் போட்டார். அப்புறம் 1969-ல் தடையில இருந்த அலியையும், ஓய்வு பெற்ற மார்சியானோவையும் கூட்டிட்டு வந்து நிஜமாவே களத்துல ஏத்திப் படம் பிடிச்சாங்க. பல விதமான முடிவுகளை எடுத்து வச்சுக்கிட்டாங்க. 1970 ஜனவரியில அமெரிக்கத் தியேட்டர்கள்ல காட்டினப்ப 13-வது ரவுண்டுல மார்சியானோ நாக்கவுட்ல ஜெயிச்சார். பாவம், அதைப் பார்க்க அவர் உயிரோட இல்லை. படம் வர்றதுக்குள்ள விமான விபத்துல போயிட்டார். கம்ப்யூட்டருக்குத் தீனி போட்டது மனுஷங்கதானே? உள்ள போட்டதுதான் வெளிய வரும்.

சரி, கற்பனை வேண்டாம், நேர்லயே மோத விட்டுப் பார்க்கலாம்னு நினைச்சா? எனக்கு நிஜமா வலிக்கிற இடம் இதுதான். ஆறு வருஷமா களத்துப் பக்கமே வராத ஜெஃப்ரிஸை, கறுப்பர் ஜாக் ஜான்சனை அடக்கறதுக்குன்னே 1910-ல் இழுத்துட்டு வந்தாங்க. அவர் 15-வது ரவுண்டுல விழுந்தார். அந்த ஆத்திரத்துல அமெரிக்க ஊர்கள்ல கலவரம் வெடிச்சு உயிர்கள் போச்சு. 1951-ல் வரிக்கடனுக்காகத் திரும்பி வந்த 37 வயசு ஜோ லூயிஸை மார்சியானோ எட்டாவது ரவுண்டுல கயித்துக்கு வெளிய தள்ளினார். 1980-ல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸோட காட்சிச் சண்டை போட்டாரே, நம்ம ஜனங்க நேர்ல பார்த்த அந்த 38 வயசு அலிதான், அதே அக்டோபர்ல லாஸ் வேகாஸ்ல லாரி ஹோம்ஸ் முன்னாடி நின்னார். ஹோம்ஸ் ஒரு காலத்துல அலிக்குப் பயிற்சித் துணையா இருந்தவர். பத்து ரவுண்டு. ஒரு ரவுண்டுகூட அலிக்குக் கிடைக்கலை. கடைசியில ஏஞ்சலோ டண்டீ போதும்னு நிறுத்தினார். நாலு வருஷத்துல பார்க்கின்சன் நோய்னு தெரிஞ்சுது. ரெண்டு தலைமுறை நிஜமா மோதினா அது இப்படித்தான் இருக்கும்: ஒருத்தருக்கு வயசாயிருக்கும், நாம காசு கொடுத்து வேடிக்கை பார்ப்போம். 2024-ல் 58 வயசு டைசனை 27 வயசுப் பையன் முன்னாடி நிறுத்தினப்பவும் பார்த்தோமே.

அதனாலதான் சொல்றேன், கற்பனைச் சண்டை நல்ல விஷயம். அதுல யாருக்கும் ரத்தம் வராது, யாருக்கும் வயசாகாது. ஆனா அதையாவது நேர்மையா பண்ணணும் இல்லையா?

என் தீர்ப்பு இதோ. 1966 நவம்பர் அலி, 1988 ஜூன் டைசன், 15 ரவுண்டு. முதல் நாலு ரவுண்டு அலிக்குக் கண்டம். கையைத் தாழ்த்தி வச்சு ஆடறவர். இடது கொக்கிக் குத்துக்குக் கூப்பர்கிட்டயும் ஃப்ரேசியர்கிட்டயும் விழுந்தவர். டைசனோட இடது கையைப் பத்திச் சொல்லவே வேண்டாம். ஆனா கட்டிப் பிடிச்சு, இழுத்தடிச்ச போன்க்ரஷர் ஸ்மித்தையும் டோனி டக்கரையும் டைசனால 12 ரவுண்டுலயும் சாய்க்க முடியலை. ஆறாவது தாண்டினா சண்டை அலி பக்கம். 11-வதுல நடுவர் நிறுத்துவார். அதே டைசன் முன்னாடி 1971 அலியை நிறுத்தினா? என் காசு டைசன் மேலதான். அலி ரசிகன் நான், எழுதறப்ப கை நடுங்குது :-)

மறுத்துப் பேசறவங்க தாராளமா வாங்க. வரும்போது தேதியோட வாங்க!