மண்ணின் சேமிப்பு

காட்டிலே பெய்யும் மழை தூயது என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹப்பர்ட் புரூக் காட்டில் மழைநீரைச் சோதித்த ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் முதலிய அறிஞர்கள், அது இயல்பைவிடப் பன்மடங்கு புளிப்பேறியிருக்கக் கண்டனர். தொலைதூரத்து ஆலைகளின் புகையே காற்றேறி வந்து அங்கே மழையாக இறங்கிற்று.

நிலக்கரி எரியுங்கால் கந்தகப் புகை எழுகிறது. கொதிகலன்களிலும் மோட்டார் வண்டிகளிலும் உண்டாகும் கடும் வெப்பத்தால் காற்றிலுள்ள நைட்ரஜனும் பிராணவாயுவுடன் கூடுகிறது. இவை ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமும் நைட்ரிக் அமிலமும் ஆகின்றன.

இவ்வமிலங்கள் மண்ணில் செய்யும் வேலை யாது? களிமண் துகள்களும் இலைமக்கும் சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் தம்மிடம் பற்றி வைத்திருக்கின்றன. அதுவே மரங்களின் சேமிப்பு. அமிலமோ அச்சத்துகளைப் பெயர்த்துவிட, அவை ஓடைநீரோடு போய்விடுகின்றன. பாறை கரைந்து புதுச் சத்துப் பிறப்பது மிக மெதுவாகவே. வரவு சிறிது, செலவு பெரிது என்றால் எந்தக் குடும்பம் தாங்கும்?

சேமிப்புக் குறைந்தபின், மண்ணில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து கிளம்புகிறது. அது வேரைத் தாக்கும். ஓடையை அடைந்தால் மீனின் செவுளைக் கெடுக்கும். நைட்ரஜன் பயிருக்கு உரமாயிற்றே என வாசகர் வினவலாம். உண்மையே. ஆயினும் மரங்கள் கொள்ளும் அளவுக்கு மிஞ்சியது, நைட்ரேட்டாகிச் சுண்ணாம்புச் சத்தையும் உடன் இழுத்துக்கொண்டு ஓடிவிடுகிறது.

1990ஆம் ஆண்டில் அமெரிக்கா தனது தூய காற்றுச் சட்டத்தைத் திருத்திக் கந்தகப் புகையை அடக்கியது. மழையின் புளிப்புக் குறைந்தது. மண்ணோ உடனே தேறவில்லை. ஆகவே 1999இல் அக்காட்டின் ஏறக்குறைய 12 ஹெக்டேர் பரப்பில், சுண்ணாம்புச் சத்துள்ள கனிமப் பொடியை ஹெலிகாப்டரிலிருந்து தூவிப் பார்த்தனர். அங்கிருந்த சர்க்கரை மேப்பிள் மரங்கள் தேறின. 2003ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் அங்குள்ள ஸ்புரூஸ் மரங்கள், பொடி தூவாத இடத்து மரங்களைவிடக் குறைவாகவே கருகின.

நம் நாட்டில் 2015 டிசம்பரில் அனல் மின்நிலையங்களின் கந்தகப் புகைக்கு வரம்பு விதிக்கப்பட்டது. காலக்கெடு பலமுறை நீட்டப்பெற்று, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. வடநாட்டுத் தூசியிலுள்ள சுண்ணாம்பு மழையின் புளிப்பை ஓரளவு முறிக்கிறது. கிழக்கிலும் தெற்கிலும் இயல்பாகவே புளித்த செம்மண் காடுகளுக்கு அத்தகைய காப்புக் குறைவு.

பிழைப்பை நாடி எவ்வூரில் குடியேறினாலும், நம் இல்லத்து விளக்குகள் பெரும்பாலும் நிலக்கரியால் எரிகின்றன. ஆதலின் இது காட்டில் வாழ்வோர் கவலை மட்டுமன்று. வீண் விளக்கை அணைப்பதோடு, புகைக்கு வரம்பு வேண்டுமென்று கேட்பதும் நம் கடமை. புகையைச் சில ஆண்டுகளில் குறைத்துவிடலாம். மண் இழந்ததை மீட்கப் பல தலைமுறைகள் ஆகும்.