கத்திரி வெயிலும் கைப்பையும்

கோடை விடுமுறை தொடங்கியவுடன், முதல்வகை நீரிழிவு உள்ள குழந்தைகளின் பெற்றோர் பலர் ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர்: கத்திரி வெயில் தணியும்வரை பிள்ளையை வெளியே அழைத்துச் செல்வதில்லை. இன்சுலின் வெப்பத்தில் கெட்டுவிடும், உணவுவேளை தவறும், வழியில் சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்னும் அச்சங்கள் அம்முடிவின் பின்னால் நிற்கின்றன. அவை வீண் அச்சங்கள் அல்ல. ஆயினும் அம்முடிவு பிள்ளைக்கு நன்மை செய்வதில்லை என்பதே எங்கள் கருத்து. வாழ்நாள் முழுவதும் உடன்வரும் ஒரு நோயைக் கையாளப் பழகவேண்டிய வயதில், பழகுவதற்கான இடங்களையெல்லாம் நாமே மூடிவிடுகிறோம்.

எங்கள் மகளுக்கு வயது 11. மூன்று ஆண்டுகளாக இன்சுலின் செலுத்திக்கொள்கிறாள். அவளுடைய தம்பிக்கு வயது 8. இருவரும் வீட்டிலேயே கல்வி பயில்கின்றனர். மகள் முன்பு பயின்ற பள்ளியில் வகுப்பறையில் ஊசி போட்டுக்கொள்ளவும், பாடவேளையில் சிற்றுண்டி உண்ணவும் இசையவில்லை. (மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2017-ஆம் ஆண்டிலேயே, முதல்வகை நீரிழிவு உள்ள மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரையும் சிற்றுண்டியும் கொண்டுசெல்ல அனுமதித்துவிட்டது என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம்.) வீட்டுவழிக் கல்வியே சிறந்தது என்று வாதிடுவது எங்கள் நோக்கமன்று. பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு அது இயலாது. பள்ளி தரும் தோழமைக்கு ஈடும் இல்லை. ஆனால் கோடை எல்லாருக்கும் பொது. அந்த மாதங்களில் ஒவ்வொரு வீடும் ஏதோ ஒரு வகையில் பள்ளிக்கூடமாகத்தான் இருக்கிறது.

இவ்வாண்டுக் கோடையின் முதல் பாடம் மண்பானை. பயணத்தில் இன்சுலினைக் குளிர்ச்சியாக வைப்பது எப்படி என்னும் கேள்வியை மகளிடமே விட்டோம். பனிக்கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலின் பயன்படாது என்பதை அவள் அறிவாள். குயவர் தெருவுக்குச் சென்று, சக்கரத்தில் பானை எழும்புவதைப் பார்த்து, மெருகிடாத இரண்டு பானைகளை வாங்கி வந்தோம். சிறியதைப் பெரியதற்குள் வைத்து இடையே மணலை நிரப்பி நீர் ஊற்றினர். வெளியே 38 டிகிரி இருந்த பிற்பகலில் உட்பானையின் வெப்பமானி 29 டிகிரி காட்டியது. தம்பி அடுத்த நாள் வெளிப்பானைக்கு எண்ணெய் பூசிப் பார்த்தான். பானை அவ்வளவாகக் குளிரவில்லை. நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கொண்டுபோகிறது என்பதை அதன் பிறகு நாங்கள் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மழை பெய்து காற்று ஈரமாக இருந்த நாளில் பானை ஏன் தோற்றது என்பதையும் அவர்களே கண்டுபிடித்தனர்.

திறக்காத குப்பிக்கு இப்பானை போதாது. அதற்கு 2 முதல் 8 டிகிரிவரை வேண்டும், குளிர்பதனப் பெட்டிதான் இடம். பயன்பாட்டில் உள்ள குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரம்வரை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைக்கலாம். மருந்தின் வகைக்கேற்ப இது மாறுவதால், உறையிலுள்ள தாளைப் படிப்பதும் செவிலியரைக் கேட்பதும் முதல் வேலை. பயணத்திற்கு மகள் சிறு பானை ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஈரத்துணி சுற்றிக்கொண்டாள். பேருந்தில் அதைப் பார்த்து மோர் விற்கப் போகிறீர்களா என்று கேட்டவர்களும் உண்டு.

பின்னக் கணக்கிற்கு ஊசிக்குழலைவிடச் சிறந்த பாடநூலை நாங்கள் காணவில்லை. நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு. பேனாக்களில் வருவது 100 அலகு. 40-க்குரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு, 100-க்குரியது ஆரஞ்சு. 100 அலகு மருந்தைச் சிவப்பு மூடிக் குழலில் 10 என்னும் கோடுவரை எடுத்தால் உடலுக்குள் போவது எத்தனை அலகு? வெற்றுக்குழலில் தண்ணீரை எடுத்துச் செய்து பார்த்தவள், 25 என்று கண்டு சற்று நேரம் பேசவில்லை. மதிப்பெண்ணுக்காகப் போடும் கணக்கில் அந்த மௌனம் வராது.

வெளியூர்ப் பயணங்களில் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் எங்களுக்கு மிகவும் பிடித்தது. 18 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு மரம் அங்கே கல்லாகிக் கிடக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் அப்பகுதியைக் கடல் மூடியிருந்தது. நூறு ஆண்டுக்கு ஒரு காலடி என்று வைத்துக்கொண்டு பிள்ளைகள் காலத்தை நடந்து பார்த்தனர். டொராண்டோவில் 1922 ஜனவரியில், லியனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு ஓரடியும் சில விரற்கடையும். கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணைக்கு ஏறத்தாழ இருபது அடி. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுப் பழமையுள்ள அம்மரத்திற்குப் பத்து இலட்சம் அடி: சென்னைக்கு நடந்துபோய்த் திரும்பும் தொலைவு! ஓரடிக்கு முன் பிறந்திருந்தால் தனக்கு மருந்தே இருந்திராது என்று மகள் தம்பிக்கு எடுத்துச் சொன்னாள். அதை அவள் வருத்தமாகச் சொல்லவில்லை.

கல்லணைக்கும் சென்றோம். மே மாதத்துக் காவிரியில் மணலே மிகுதி. வெண்ணாறும் புதாறும் எங்கே பிரிகின்றன என்பதை வரைந்துகொண்டு, மேட்டூரில் நீர் திறந்ததும் மறுபடி வருவதாக முடிவுசெய்து திரும்பினோம்.

இனி, எல்லாரும் அஞ்சும் அந்த நிகழ்வு. திருச்சி மலைக்கோட்டையின் நானூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் பாதி ஏறியிருந்தபோது மகள் நின்றாள். கை நடுங்குகிறது என்றாள். அளந்ததில் 62, 70-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. மருத்துவர் அவளது எடைக்கேற்பக் குறித்துத் தந்த அளவில் குளுக்கோஸ் பொடியைத் தம்பி கரைத்துக் கொடுத்தான். நாங்கள் அருகில் நின்றோம், அவர்களே செய்தனர். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்தபோது 94. சற்று இளைப்பாறி, கொண்டுவந்த இட்லியை உண்டு, உச்சிவரை ஏறினாள். உடலுழைப்பின் விளைவு பல மணிநேரம் தொடருமாதலால் அன்றிரவு உறங்குமுன்னும் நள்ளிரவிலும் அளந்தோம். வீட்டுக் கூடத்தில் இதே நடுக்கம் வந்திருந்தால், அவள் சொல்லுமுன்பே நாங்கள் ஓடியிருப்போம். தன் உடல் தரும் அறிகுறியைத் தானே அறிந்து வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவளுக்குப் படிகளில்தான் வந்தது. நாளை கல்லூரி விடுதியில் அவள் அருகில் நாங்கள் இருக்கப்போவதில்லை.

எல்லா நாளும் பயணத்திற்கு உகந்த நாளல்ல. காய்ச்சலோ வாந்தியோ உள்ள நாளிலும், சர்க்கரை மிக உயர்ந்து சிறுநீரில் கீட்டோன் தென்படும் நாளிலும் செல்லவேண்டிய இடம் மருத்துவமனை மட்டுமே. வெப்பத்தில் இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படலாம் என்பதால் காலை ஆறு முதல் பத்துவரையே நாங்கள் வெளியே இருந்தோம். மூடிய காருக்குள் மருந்தையும் அளவுப் பட்டைகளையும் விட்டுச் செல்லலாகாது. செலவைப் பற்றிக் கேட்கும் பெற்றோருக்கு: பானையும் பேருந்துக் கட்டணமும்தான் எங்களுக்குப் பெருஞ்செலவு. சாத்தனூர் தொலைவென்றால், உங்கள் ஊர் ஏரிக்கரையும் சந்தையும் போதும்.

மருத்துவமனையாரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஏப்ரல் மாதப் பரிசோதனைக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்துச் சீட்டோடு பயணச் சீட்டு ஒன்றையும் எழுதித் தரவேண்டும். நீண்ட நடைக்கு முன் இன்சுலினை எவ்வளவு குறைப்பது, எப்போது அளப்பது, தாழ்ந்தால் எத்தனை கிராம் குளுக்கோஸ், எந்த எண்ணுக்கு அழைப்பது என்னும் நான்கு விவரங்கள் அதில் இருந்தால் போதும். பிள்ளை படிக்கக்கூடிய எழுத்தில், பிள்ளையின் பெயருக்கே அது எழுதப்படவேண்டும். எங்கள் மருத்துவர் நாங்கள் கேட்டதனால் எழுதித் தந்தார். கேட்கத் தயங்கும் பெற்றோர் பலர் இருக்கின்றனர்.