மீன் உயிரோடிருந்தால் போதுமா?

2023 ஆகஸ்ட் 24ஆம் திகதி யப்பானின் புக்குஷிமா அணுமின் நிலையத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்ட நீரைக் கடலில் விடத் தொடங்கினார்கள். சீனா உடனே யப்பானியக் கடலுணவைத் தடைசெய்தது. சர்வதேச அணுசக்தி முகவர் நிலையமோ பாதிப்பு மிக அற்பமானது என்றது. இரண்டுக்கும் நடுவே நின்று, "மீன் வாங்கலாமா?" என்று கேட்கும் குடும்பத்துக்கு விடை சொல்வது யார்?

ஒன்றை முதலில் தெளிவாக்குவோம். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பிடிபடும் 'யப்பான் மீன்' பெயரில்தான் யப்பான். அது 1952இல் இங்கு கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கத் திலாப்பியா இனம். புக்குஷிமா நீர் கண்டி மலையேறி வரப்போவதில்லை.

ஆனால், சிறிதளவு கதிர்வீச்சு மீனை என்ன செய்யும் என்பது நாமும் அறியவேண்டியதே. பரம்பரையலகு, அதாவது மரபணு, வீட்டிலுள்ள விதைக் குதிர் போன்றது. எல்லா விதையும் உள்ளே இருக்கும். எதை எப்போது விதைப்பதென்பது காலநிலையைப் பொறுத்தது. அதுபோல, மரபணு மாறாமலே அதன் இயக்கம் மாறலாம். கதிர்வீச்சுப் படும்போது கலங்களின் சேதத்தைத் திருத்தும் மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. வரிக்குதிரை மீனை வைத்து நடந்த ஆய்வில், தாய் தந்தை மீன்கள் பெற்ற கதிர்வீச்சினால் குஞ்சுகளிலும் இவ்வியக்கம் மாறியிருந்தது.

இது நோயா? வறட்சியில் நெல்லின் இலை சுருள்கிறது. பயிர் செத்துவிட்டதென்று அதற்குப் பொருளல்ல, அது தாங்கிக்கொள்கிறது. ஆனால் இலை நாள்தோறும் சுருண்டால் எந்த விவசாயியும் சும்மா இருக்கமாட்டார்.

1986இல் செர்னோபில் விபத்தினால் அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 116,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களிலும் நம்மைப்போல் மண்ணை விட்டெழுந்த விவசாயிகள் பலர். மக்கள் போனார்கள், மீன்கள் இருந்தன. 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அப்பிரதேச ஏரிகளின் மீன்கள் பொதுவாக ஆரோக்கியமாகவே இருந்தன; எனினும் பேர்ச் என்னும் இனத்தில் சினை முதிர்வது தாமதித்தது. ரோச் இனத்தில் அப்படி இல்லை. ஆகவே மீன் துள்ளுகிறது என்பதனால் நீர் சுத்தமென்றும், மாற்றம் தெரிகிறது என்பதனால் அழிவென்றும் முடிவுகட்ட முடியாது. தொடர்ந்து அளந்து பார்ப்பதே வழி.

மன்னார் வளைகுடாவின் மறுகரையில் கூடங்குளம் அணு உலை 2013இலிருந்து மின்சாரம் தருகிறது. நமது நாட்டில் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அணுசக்திச் சபை இருக்கிறது. பேராதனையில் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடல் மீனிலும் குளத்து மீனிலும் அளந்த கணக்கை, விளங்கும் தமிழிலும் சிங்களத்திலும் கிராமத்துக்குக் கொண்டுவரும்படி நாம் கேட்கவேண்டும்.

அணைக்காக ஊரை விட்டெழுந்தபோது கணக்குகள் நமக்குக் காட்டப்படவில்லை. உண்ணும் மீனின் கணக்கையாவது கேட்டு வாங்குவோம். கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலேயே இதற்கொரு கடிதம் எழுதலாமே!